எக்கோவோடு கால்சியத்தையும் பாருங்கள்

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலட்’ என்ற பிறவி இதயக் கோளாறைப் பார்த்தால், அடுத்து குழந்தையின் அண்ணத்தைத்தான் பார்ப்பேன். பால் குடிக்கும்போது மூக்கு வழியாக வருகிறதா, வலிப்பு வந்ததா என்று கேட்பேன். ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்வேன். “இதய டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கூட வந்த பாட்டிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

ஃபாலட் குழந்தைகளில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு 22வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கும். பெரும்பாலும் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் நீளம். அதோடு போகும் மரபணுக்களில் முக்கியமானது டிபிஎக்ஸ்1. கருவின் தொண்டைப் பகுதி உருவாகும் வாரங்களில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்கள், நோய் எதிர்ப்புச் சக்திக்கான தைமஸ் சுரப்பி, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு, அண்ணம் எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் உருவாகின்றன. ஒரே கொத்தனார் குழு நான்கு வீட்டையும் கட்டுவது போல. குழுவில் ஆள் குறைந்தால் எந்த வீட்டிலும் குறை தெரியலாம்.

இது தெரியாமல் ஆபரேஷனுக்குப் போனால் சிக்கல். கால்சியம் ஏற்கெனவே குறைவு. ஏற்றும் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் அதை இன்னும் குறைக்கும். வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். தைமஸ் சரியாக வளராத குழந்தைக்குக் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போன்ற, உயிருள்ள கிருமி கொண்டவற்றை எதிர்ப்புச் சக்தியைச் சோதித்த பிறகே தர வேண்டும். மற்ற தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள்!

“குரோமோசோம் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்” என்று ஃபைலை நீட்டுவார்கள். பார்த்தால் அது குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சாதாரண கேரியோடைப்பாக இருக்கும். அதில் இந்தத் துண்டு பெரும்பாலும் தெரியாது. சின்னத் துண்டு விடுபட்டதையும் காட்டும் ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே சோதனை செய்ய வேண்டும்.

அப்புறம் பழி. கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்று எல்லாம் தாயின் தலையில்தான் விழும். கேட்கவே எரிச்சலாக இருக்கும். பத்தில் ஒன்பது குடும்பங்களில் இந்த இழப்பு பெற்றோரிடம் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்தது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததும் இதற்குக் காரணமில்லை. அது வேறு வகை மரபணு நோய்களுக்குத்தான் வழிவிடும்.

இருந்தாலும் அப்பா, அம்மா இருவருக்கும் சோதனை செய்யச் சொல்வேன். லேசான அறிகுறிகளோடு, தனக்கு இருப்பதே தெரியாமல் வாழும் பெற்றோரும் உண்டு. அப்படியிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடமும் இல்லையென்றால் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எதுவானாலும் அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுத்துவிடலாம்.

சிறு வயதில் இதய ஆபரேஷன் முடிந்து, இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மூக்கால் பேசுகிறதா? கணக்கில் மட்டும் திணறுகிறதா? பழைய ஃபைலை எடுத்து, ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே சோதனை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.