எலும்புப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை: இம்பிளாண்டுக்குப் பணம் கட்டும் முன்

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்க்கு இன்று பெரும்பாலும் காலையோ கையையோ அகற்றுவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு வெட்டியெடுத்து, அவ்விடத்தில் உலோக இம்பிளாண்டையோ வேறு எலும்பையோ பொருத்துகிறார்கள். முக்கிய நரம்பும் இரத்தக் குழாயும் கட்டிக்குள் சிக்கி, அதை முழுமையாக எடுக்க வழியில்லாதபோது உறுப்பை அகற்ற நேரிடும். மலேசிய அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு அறுவைக் கட்டணம் குறைவு. ஆனால் பல்லாயிரம் ரிங்கிட் விலையுள்ள இம்பிளாண்டை நோயாளியே வாங்க வேண்டும் என்று சொல்லும்போதுதான் குடும்பங்கள் திணறுகின்றன.

இதற்கென்றே சுகாதார அமைச்சின் 'தாபோங் பந்துவான் பெருபாத்தான்' எனும் மருத்துவ உதவி நிதி 2005 முதல் உள்ளது. மலேசியக் குடிமகனாக இருந்து, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, வசதியில்லாதவர் என்று மதிப்பிடப்பட்டால் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் முதல் வரியிலேயே விழுந்துவிடுகிறார்கள்.

நான் பார்த்தவரை பெரிய இழப்பு அவசரத்தில்தான் நேர்கிறது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் இம்பிளாண்டை விற்கும் நிறுவனத்திடம் பணம் கட்டிவிட்டு, பிறகு ரசீதோடு உதவி கேட்கிறார்கள். கட்டி முடித்த பணத்தை இந்நிதி திருப்பித் தருவதில்லை. ஒப்புதல் கைக்கு வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அதுவரை சிகிச்சை தாமதமாகாதா என்பது நியாயமான கேள்வி. பதின்ம வயதினரை அதிகம் தாக்கும் எலும்புப் புற்றுநோய் வகையான ஆஸ்டியோசார்கோமாவுக்கு அறுவைக்கு முன் ஏறக்குறைய பத்து வாரம் கீமோ கொடுப்பது வழக்கம். அந்த வாரங்களே உங்கள் கோப்பு நகர வேண்டிய காலம். கோலாலம்பூர் மருத்துவமனையானாலும் பினாங்கு பொது மருத்துவமனையானாலும், முதல் கீமோவின்போதே, இந்நிதிக்கான விண்ணப்பத்தைக் கையாளும் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்குப் பரிந்துரைக்கும்படி நிபுணரிடம் கேளுங்கள். அறுவைத் தேதி குறித்த பிறகு போனால், கோப்பு மேசை மேசையாக நகரும் வேகத்துக்குக் கட்டி காத்திருக்காது.

நிபுணரின் கடிதத்தில் நோயின் பெயர், தேவைப்படும் இம்பிளாண்டின் வகை, அறுவைக்கான உத்தேசத் தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இம்பிளாண்டின் விலைப்பட்டியல் அந்தக் கடிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கோப்பு திரும்பும். சம்பளச் சீட்டில்லாத லோரி ஓட்டுநர்களும் கடைக்காரர்களும், வருமானச் சான்றை எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதைச் சமூகப்பணி அதிகாரியிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையேல் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தாள் கேட்கப்படும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான 'பெக்கா பி40' எனும் அரசு சுகாதார உதவித் திட்டத்தில் மருத்துவக் கருவிக்கு 20,000 ரிங்கிட் வரை உண்டு என்று பலர் சொல்வார்கள். அது 40 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. அப்பா தகுதி பெற்றிருந்தாலும் பதினைந்து வயது மகனுக்கு அதிலிருந்து ஒரு காசு கிடைக்காது. ஆஸ்டியோசார்கோமா அதிகம் வரும் வயதையே விலக்கி வைத்த வரம்பு இது. முகப்பில் இருப்பவர் இதைச் சொல்வதற்குள் அரை நாள் போய்விடும். மாறாக, பெற்றோரின் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து பிள்ளையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு.

தனியார் மருத்துவமனையில் தொடங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திசுப் பரிசோதனையை, பின்னர் அறுவை செய்யப்போகும் எலும்புப் புற்றுநோய்க் குழுவே திட்டமிட வேண்டும். ஊசியோ கத்தியோ தவறான வழியில் போனால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலும் போகலாம். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், அறிக்கையின் நகலோடு திசு மாதிரி உள்ள கண்ணாடித் தகடுகளையும் ஸ்கேன் பதிவுகளையும் கேட்டு வாங்கியே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உறுப்பை அகற்ற நேர்ந்தவர்கள், வீடு திரும்பும் முன்பே செயற்கைக் காலுக்கான உதவியையும் மாற்றுத்திறனாளி அட்டைக்கான மருத்துவச் சான்றையும் அதே சமூகப்பணி அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். வீடு போன பிறகு கேட்டால், அந்தக் கையொப்பத்துக்காக மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.