பிப் எதை நீக்குகிறது, எதை விட்டுவைக்கிறது?

பைத்தான் கற்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “‘பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று அடித்தேன், ஐந்து பேக்கேஜ்கள் வந்து உட்கார்ந்தன. ‘பிப் அன்இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்றேன், ஒன்றுதான் போனது. மற்ற நான்கும் ஏன் அப்படியே இருக்கின்றன?”

பைத்தானுக்காகப் பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்தான் பேக்கேஜ்கள்; ரிக்வெஸ்ட்ஸ் அப்படி ஒன்று. அவற்றை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி பிப். நிறுவும் கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். 2003-இல் தொடங்கிய பைபிஐ என்ற பொதுக் கிடங்கிலிருந்து ‘வீல்’ என்ற வகைக் கோப்பை பிப் இறக்குகிறது. வீல் என்பது ஜிப் கோப்பேதான், பெயரின் வால் மட்டும் வேறு. அதனுள்ளே “நான் ஓட இன்னின்னவை வேண்டும்” என்ற குறிப்பு இருக்கும். ரிக்வெஸ்ட்ஸ் கேட்பவை நான்கு: யூஆர்எல்லிப்3, சர்டிஃபை, ஐடிஎன்ஏ, சார்செட்-நார்மலைசர். எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் பதிப்புகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் சைட்-பேக்கேஜஸ் என்ற ஃபோல்டரில் பிப் பிரித்து வைக்கிறது.

அந்தத் தேடல் கணித ரீதியாகவே கடினமானது. 2020 நவம்பரில் வந்த பிப் 20.3-இல்தான் அதற்கான பகுதி புதிதாக எழுதப்பட்டு, பிப் வழக்கமாகப் பயன்படுத்தும் பகுதியானது. அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவை மொஸில்லாவும் சான் சக்கர்பெர்க் இனிஷியேட்டிவ் என்ற கொடை அமைப்பும். இப்படி அடித்தளத்தில் கிடக்கும் கருவிகளுக்கு, அவற்றை நாள்தோறும் பயன்படுத்திச் சம்பாதிக்கும் நம்மூர் மென்பொருள் நிறுவனங்களும் பங்கு தர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். சைட்-பேக்கேஜஸைத் திறந்தால் ரிக்வெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே, அதே பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்து ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘ரெக்கார்ட்’ என்று ஒரு கோப்பு. எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கலாம். வரிக்கு ஒரு கோப்பு. வழக்கமாக ஒரு வரியில் காற்புள்ளியால் பிரித்த மூன்று விவரங்கள்: கோப்பின் பாதை, அதன் ஷா-256 முத்திரை, பைட்டில் அளவு. முத்திரை என்பது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட 43 எழுத்துச் சரம். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தச் சரம் முற்றிலும் வேறாகிவிடும்.

பட்டியலில் ரெக்கார்ட் கோப்பின் பெயரும் இருக்கிறது, தன்னைத் தானே குறித்துக்கொண்டு! ஆனால் அந்த வரியில் பாதைக்குப் பிறகு இரண்டு காற்புள்ளிகள், அப்புறம் ஒன்றுமில்லை. முத்திரையும் கிடையாது, அளவும் கிடையாது. காரணம் அழகானது. முத்திரையைக் கணக்கிட்டு அதே கோப்பில் எழுதினால் கோப்பு மாறிவிடும், முத்திரை பொய்த்துவிடும். மறுபடி கணக்கிட்டு எழுதினால் மறுபடி மாறும். அதனால்தான் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீக்கும்போது பிப் செய்வது இந்தப் பட்டியலைப் படிப்பதுதான். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் தன் சீட்டில் உள்ளதை மட்டும் எண்ணி ஏற்றிக்கொள்வார். நம் வீட்டுக் கரண்டியைத் தொடமாட்டார். பிப்பும் அப்படியே. அந்த ஃபோல்டருக்குள் நீங்களாக ஒரு கோப்பு போட்டு வைத்திருந்தால், “இதை நீக்கமாட்டேன், கையால் சேர்த்ததாக இருக்கலாம்” என்று தனியாகக் காட்டிவிட்டு, அதன் பிறகே தொடரலாமா என்று கேட்கும். சீட்டே இல்லாமல் பழைய முறையில் நிறுவிய சில பேக்கேஜ்களை, எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியவில்லை என்று சொல்லி நீக்க மறுத்துவிடும். அரைகுறையாக அழிப்பதைவிட மறுப்பதே சரி.

‘சரி’ என்றதும் உடனே அழித்துவிடுவதும் இல்லை. முதலில் ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒதுக்கி வைக்கிறது. பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘~’ என்ற நெளிகோட்டைப் போடும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால்தான் உண்மையான அழிப்பு. இடையில் தவறினால் பழைய பெயருக்கே திருப்பிவிடும். விண்டோஸில் ‘நம்பை’ என்ற கணக்கீட்டு பேக்கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நீக்கினாலோ புதுப்பித்தாலோ, பெயர் மாறிவிடும், ஆனால் பயன்பாட்டில் உள்ள கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. முதல் எழுத்து போய் நெளிகோட்டோடு சில ஃபோல்டர்கள் மிஞ்சுவது இதனால்தான். ஓடும் நிரலை மூடிவிட்டு அவற்றைத் தாராளமாக அழிக்கலாம்.

இப்போது அந்த நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெக்கார்ட் உண்டு. ரிக்வெஸ்ட்ஸின் சீட்டில் அவற்றின் கோப்புகள் இல்லை. தானாக வந்தவற்றையும் சேர்த்து நீக்கினால் என்ன? உபுண்டு லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட், நீங்கள் கேட்டு நிறுவியது எது, துணையாக வந்தது எது என்று குறித்து வைத்து, ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையில் நீக்கித் தருகிறது. பிப்பும் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டவற்றின் டிஸ்ட்-இன்ஃபோவில் ‘ரிக்வெஸ்டட்’ என்று ஒரு காலிக் கோப்பை வைக்கிறது. அது அங்கே இருப்பதே செய்தி. ஆனால் அதை வைத்துத் துணைகளை நீக்குவதில்லை. நீங்கள் எழுதிய ஏதோ ஒரு சிறு நிரல் சர்டிஃபையை நேரடியாக இம்போர்ட் செய்யலாம். பேக்கேஜ்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது பிப்புக்குத் தெரியும். உங்கள் நிரல் எதைச் சார்ந்திருக்கிறது என்பது தெரியாது. மறுபக்கம், ரிக்வெஸ்ட்ஸ் இருக்கும்போதே யூஆர்எல்லிப்3-ஐ நீக்கச் சொன்னாலும் பிப் தடுக்காது. ‘பிப் ஷோ’ போட்டு யாருக்கு அது தேவை என்று முன்னதாகவே பார்ப்பது நம் பொறுப்பு. உடைந்த பிறகு ‘பிப் செக்’ சொல்லும்.

பிழை வந்ததும் எங்கோ பார்த்த கட்டளையை, முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’ சேர்த்து, மந்திரம்போல ஒட்டும் பழக்கம் மாணவர்களிடம் பரவியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. லினக்ஸ் தன் சொந்த வேலைகளுக்கு வைத்திருக்கும் பைத்தானையே அது கெடுத்துவிடலாம். 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பிலிருந்து அங்கே பிப் நேரடியாக நிறுவ மறுப்பது இதனால்தான். ஒவ்வொரு வேலைக்கும் ‘வென்வ்’ என்ற பைத்தான் கருவி கொண்டு தனி ஃபோல்டரில் தனிச் சூழல் அமையுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் ஐந்தும் சேர்ந்தே போய்விடும்.