உணவுத் தொழிற்கூடத்தின் தரையிலிருந்து ஒரு மரபணுத் தடயம்

உணவு தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பாக்டீரியாக்கள் பழையவைதாம், அப்படியிருக்க, பாதுகாப்பு எதிர்பார்ப்புகள் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன? எங்களைப் போன்றோர் எப்படி ஈடுகொடுப்பது?" விடையின் பெரும்பகுதி ஆய்வகத்தில் இருக்கிறது. எதைக் கண்டறிய முடிகிறதோ, அதை முன்கூட்டியே தடுத்திருக்க வேண்டும் என்று மக்களும் அரசுகளும் எதிர்பார்க்கத் தொடங்குகின்றனர்.

முதல் பெரிய மாற்றம் பலரும் அறிந்ததே. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது, முடிந்த பொருளைச் சோதிப்பதால் மட்டும் பாதுகாப்பு கிடைக்காது என்பது தெளிவாயிற்று. நூறு பொட்டலங்களுக்கு ஒன்று என்ற அளவில் மாசு இருந்தால், அறுபதைப் பிரித்துச் சோதித்தாலும் ஒன்றுகூட அகப்படாமல் போக 55 சதவீத வாய்ப்பு உண்டு. எனவே தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் அபாயத்தை முன்னறிந்து கட்டுப்படுத்தும் 'ஹசாப்' முறை பிறந்தது. 1993இல், பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம் அதற்கான வழிகாட்டுதல்களை ஏற்றது.

இரண்டாவது மாற்றம் நம் காலத்தில் நடந்துகொண்டிருக்கிறது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் பாக்டீரியா, குளிர்பதன அறையின் 4 டிகிரி செல்சியஸிலும் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். சமைக்கும் வெப்பத்தில் இறந்துவிடும். ஆனால் சமைத்த உணவை வெட்டும் இயந்திரத்திலோ பொட்டலமிடும் மேசையிலோ இருந்தால் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். நோய் வெளிப்படச் சில வேளைகளில் 70 நாட்கள்வரை ஆகும் என்பதால், எதை எப்போது உண்டோம் என்பதை நோயாளியால் நினைவுகூர முடிவதில்லை. அதனால்தான் மூல காரணமான தொழிற்கூடம் நெடுங்காலம் கண்ணில் படாமலேயே இருந்தது.

முழு மரபணுத்தொகுதி வாசிப்பு இதை மாற்றிவிட்டது. என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதியும் இதுதான். லிஸ்டீரியாவின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதும், ஏறத்தாழ 29 லட்சம் வேதி 'எழுத்துகள்' கொண்டது. பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அது முழுவதும் படியெடுக்கப்படுகிறது. மிக அரிதாக ஓர் எழுத்து பிசகுகிறது. அந்தப் பிசகு அதன் வழிவந்த அனைத்திலும் தொடர்கிறது. ஓலைச்சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர், ஒரே எழுத்துப்பிழை இரண்டு ஏடுகளில் வருவதைக் கண்டு அவை ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று ஊகிப்பாரல்லவா? அதே தர்க்கம்தான் இங்கும். நோயாளியின் இரத்தத்தில் கிடைத்த லிஸ்டீரியாவும் தொழிற்கூட வடிகாலில் கிடைத்த லிஸ்டீரியாவும் 29 லட்சத்தில் ஒரு சில எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டால், இரண்டும் அண்மைக் காலத்தில் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை என்று கொள்ளலாம். முன்பு மரபணுவை நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளின் நீளங்களை மட்டும் ஒப்பிட்டனர். அதில் இந்த நுட்பமான வேறுபாடுகள் பெரும்பாலும் தெரியவில்லை. நோயாளிகள் என்ன உண்டனர் என்ற விசாரணையும் உடன் வேண்டும் என்றாலும், பல ஆண்டு இடைவெளியில் நோயுற்றவர்களைக்கூட ஒரே ஆலையுடன் இணைக்க இன்று வழி இருக்கிறது.

2017–18இல் தென்னாப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லிஸ்டீரியாவால் நோயுற்று, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயாளிகளின் மாதிரிகளில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஒரே மரபணு வகையைச் சேர்ந்தவை. பதப்படுத்திய இறைச்சி தயாரித்த ஓர் ஆலையின் உட்சூழலிலும் அதே வகை கண்டறியப்பட்டது.

ஆகவே வாசகர் போன்றோர் செய்ய வேண்டியது, அதிகாரிகளுக்கு முன்பாகத் தம் தொழிற்கூடத்தில் அந்தப் பாக்டீரியாவைத் தாமே தேடுவதுதான். வடிகால், இயந்திரங்களின் அடிப்பகுதி, ரப்பர் இணைப்புகள், எஃகுப் பரப்பின் கீறல்கள் ஆகிய ஈரம் தங்கும் இடங்களில் அது பிசுபிசுப்பான உயிர்ப்படலம் அமைத்து ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்தப் படலத்தின் மேல் கிருமிநாசினியை ஊற்றுவதால் மட்டும் பயனில்லை. இயந்திரத்தைக் கழற்றி, சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினி வேலை செய்யும். பரப்புகளைப் பஞ்சால் துடைத்தெடுக்கும் ஸ்வாப் மாதிரியில் லிஸ்டீரியா அகப்பட்டால் ஊழியரைத் தண்டிக்கும் நிர்வாகிகளைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. அத்தகைய இடங்களில் ஊழியர்கள் ஏற்கெனவே துடைத்த மேசையிலிருந்து மட்டுமே மாதிரி எடுப்பார்கள். 2020இல் கோடெக்ஸ் தன் வழிகாட்டுதல்களைத் திருத்தியபோது 'உணவுப் பாதுகாப்புப் பண்பாடு' என்பதையும், அதாவது நிர்வாகி முதல் ஊழியர்வரை அனைவரும் பாதுகாப்பைத் தம் பொறுப்பாகக் கொள்வதையும், சேர்த்தது மிகச் சரியான முடிவு.

மரபணு வாசிப்புக்கான செலவைச் சிறு தொழில்களின் தலையில் சுமத்துவது முறையல்ல. பொது ஆய்வகங்களுக்கு அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்கி, முடிவுகளை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். அதுவரையிலும், ஒவ்வொரு ஸ்வாப் முடிவையும் தேதியுடன் தொழிற்கூட வரைபடத்தில் குறித்துவைக்க யாராலும் இயலும். ஒரே மூலையில் மீண்டும் மீண்டும் தென்படும் லிஸ்டீரியா அங்கேயே குடியிருக்கிறது என்று கருதி, அந்த மூலையிலுள்ள இயந்திரத்தை முதலில் கழற்றிப் பார்க்கலாம்.