வெறும் காற்றை அடைத்தால் போதாதா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “குளிர்கால ஜாக்கெட்டில் குளிரைத் தடுப்பது காற்றுதான் என்கிறார்கள். அப்படியென்றால் பாலியெஸ்டர் பஞ்சு எதற்கு? காற்றை மட்டும் ஊதி அடைத்துவிட வேண்டியதுதானே?”

நியாயமான சந்தேகம். நன்கு உப்பிய பஞ்சின் கன அளவில் ஏறக்குறைய 99 சதவீதம் காற்றுதான். போதாக்குறைக்கு, பாலியெஸ்டர் காற்றைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பிறகு இழைக்கு என்ன வேலை? சூடான காற்று மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுழற்சியை இழைகள் நடக்கவிடுவதில்லை. பெரும்பாலான விளக்கங்கள் இதோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதியே இனிமேல்தான்.

நம் உடம்பு ஓயாமல் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. காற்று அவற்றைத் தடுப்பதே இல்லை. 2 செ.மீ. இடைவெளியில் அசையாத காற்று மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், கடத்தலால் போவதைப்போல மூன்று மடங்குக்கும் மேலான வெப்பம் கதிர்வீச்சாகவே வெளியேறிவிடும். ஊதி அடைத்த ஜாக்கெட் தோற்பது இங்கேதான்.

இழைகள் நடுவில் வந்தால் கதை மாறுகிறது. குறுக்கே கிடக்கும் இழை கதிரைச் சிதறடிக்கும், அல்லது உறிஞ்சி எல்லாத் திசையிலும் திருப்பி உமிழும். அதில் ஒரு பங்கு உடம்புக்கே திரும்பி வரும். மிஞ்சியது அடுத்த இழையிடம் மாட்டும், அப்புறம் அதற்கடுத்ததிடம். எடையைக் கூட்டாமல் இழையின் விட்டத்தைப் பாதியாக்கினால் நீளம் நான்கு மடங்காகும், கதிரை மறைக்கும் பரப்பு இரண்டு மடங்காகும். லேசான பஞ்சு இவ்வளவு வேலை செய்வது அதனால்தான்.

சரி, மெல்லிதாக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. உடம்பு வீசும் கதிரின் அலைநீளம் 10 மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, ஒட்டியது. இழை அதைவிட மிகவும் மெலிந்துவிட்டால் அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். இன்னொரு சிக்கல், விட்டம் பாதியானால் வளைவைத் தாங்கும் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும், பஞ்சு அமுங்கிப் படுத்துவிடும். அதனால் கதிரைத் தடுக்க மெல்லிய இழை, உப்பலைத் தாங்கத் தடித்த இழை என்று கலக்கிறார்கள். உள்ளே துளையுள்ள இழையும் இந்த உப்பலுக்காகத்தான் முக்கியம். துளைக்குள் இருக்கும் துளிக் காற்றைப் பெரிய அதிசயமாக விளம்பரம் செய்வது கொஞ்சம் அதிகம்.

இந்தக் கலவை முறையில் பேர்பெற்ற பிரைமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு, 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக அல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் உருவாக்கியது. ஜாக்கெட்டில் அடைக்கும் இன்னொரு பொருளான பறவைத் தூவி, அதாவது மெல்லிய உள்ளிறகு, நனைந்தால் ஒட்டிச் சுருங்கிவிடும், ராணுவத்துக்கு அது ஆகாது. பஞ்சு ஆராய்ச்சிக்குக்கூடப் படைகள் கேட்டால்தான் பணம் வருகிறது என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பாலியெஸ்டர் தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சுவதில்லை. ஆனாலும் காய்ந்த நிலையில், எடைக்கு எடை பார்த்தால், நல்ல தூவியே இன்றும் முந்துகிறது. அமுங்கி அமுங்கி உப்பல் போவதும் செயற்கைப் பஞ்சில்தான் சீக்கிரம். இந்தப் பஞ்சு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கை (உள்ளே நுழைந்து தூங்கும் பை) மாதக்கணக்கில் பைக்குள் திணித்து வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடச் சொல்வது இதனால்தான்.