52 கிலோமீட்டர் கோடு: கல்யாண கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

குன்னூரில் ஐப்பசி மாதம் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்படியில் கொடி கட்டித்தான் காயப்போட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், 1993இல் நடந்த சித்தப்பாவின் கல்யாண வீடியோ கேசட் இருபது வருடத்துக்கும் மேலாக பீரோவின் மேல்தட்டில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. ஈரம் பட்டுவிடக் கூடாது என்று பாட்டிதான் அப்படிச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். பையைப் பிரித்துப் பார்த்தால், கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே தெரிந்த நாடாச் சுருளின் ஓரத்தில் அரிசி மாவு தூவியது போல வெள்ளை படிந்திருந்தது. பூசணம்.

பாட்டி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவர் குரல் பதிவாகியிருக்க வாய்ப்புள்ள ஒரே இடம் அந்த கேசட்தான். அதனால்தான் அதை அவசரப்பட்டு டெக்கில் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர்.) போடாமல், உள்ளே என்ன இருக்கிறது, எது கெடும், எது கெடாது என்று முதலில் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

ஊட்டிக்குப் பக்கத்தில் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இருந்தது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. பிலிம் சுருளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கறுப்பு வெள்ளை இடம் மாறியிருந்தாலும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. நூறு வருடத்துப் படங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டார்கள். எடுத்த கேமரா இன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிம்பம் கண்ணெதிரே இருக்கிறது. வீடியோ நாடாவை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரிவது கரும்பழுப்பு நிறம் மட்டும்தான். அதைப் படிக்க அதற்கென்றே செய்த இயந்திரம் வேண்டும். என் கவலையெல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது.

நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன் மேல் பாலியூரித்தேன் பசையில் குழைத்த இரும்பு ஆக்சைடு துகள்கள் பூசப்பட்டிருக்கும். துருவும் இரும்பு ஆக்சைடுதான், அந்த வகையறா என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தும் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். பதிவு செய்யும்போது ஹெட் என்னும் குட்டி மின்காந்தத்தின் காந்தப்புலம் துகள்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காந்தமாக்குகிறது. திரும்ப ஓட்டும்போது அதே வரிசை ஹெட்டைக் கடக்கையில் அதன் கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான்.

பாட்டு கேசட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் பாட்டுக்கு நொடிக்குப் பத்துப் பதினைந்தாயிரம் அதிர்வுகள் போதும். வீட்டு வீடியோ கேசட்டின் வகையான வி.எச்.எஸ். நாடாவில் எழுதப்படும் படக் குறிப்பலையோ (சிக்னல்) நொடிக்கு 48 லட்சம் அதிர்வு வரை போகும். நகராத ஹெட்டின் முன்னால் நாடாவை ஓடவிட்டு இதைப் பதிய வேண்டுமானால், நாடா நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு 52 கிலோமீட்டர் நாடா. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதையே 46 கிலோமீட்டர்தான்!

நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதில் ஹெட்டையே சுழலவிடலாம் என்ற யோசனையை, 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்கான பெரிய இயந்திரமாகக் கொண்டுவந்தது. அதுவே சுருங்கி, மாறி, 1976இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். ஆகி வீட்டுக்குள் வந்தது. டெக்கின் மூடியைக் கழற்றினால் பளபளவென்று ஒரு உருளை சற்றுச் சாய்ந்து நிற்கும். விட்டம் 62 மி.மீ. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். பால் (PAL) என்னும் நம் நாட்டு டி.வி. முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்கிறது. நாடா அந்த உருளையைப் பாதி சுற்றிக்கொண்டு, நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் மட்டும் மெல்ல நகர்கிறது. உருளை சாய்ந்திருப்பதால், ஹெட் நாடாவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாய்கோடு போட்டுக்கொண்டே போகிறது.

மலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நேராக ஏறினால் கொஞ்சம் தூரத்தில் முடிந்துவிடும் சரிவில், பாதையைச் சாய்த்துப் போட்டால் நீளம் கூடும். இங்கேயும் அப்படித்தான். அரை அங்குல அகல நாடாவில், பத்து மி.மீ. உயரத்துக்குள், சுமார் 97 மி.மீ. நீளமுள்ள கோடு அடங்கிவிடுகிறது. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், நம் தலைமுடியைவிட மெல்லியது. நொடிக்கு 50 கோடுகள். மூன்று மணி நேரத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் கோடுகள். 250 மீட்டர் நாடாவுக்குள் அந்த 52 கிலோமீட்டரும் வந்துவிட்டது. இதை எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

"நாடாவில் காந்தம் இறங்கிப் போயிருக்கும், இனி ஒன்றும் தெரியாது" என்று பலர் சொல்வார்கள். காந்தம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. படத்தின் வெளிச்சத்தை வி.எச்.எஸ். அலையின் உயரமாகப் பதிவதில்லை, பண்பலை வானொலி போல அதிர்வெண்ணின் மாற்றமாகப் பதிகிறது. அதனால் காந்தம் சற்று மங்கினாலும் படம் நிற்கும். முதலில் கெடுவது துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுபடுகிறது. நாடா பிசுபிசுக்கும், துகள் உதிரும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூசணமும் வந்து சேரும்.

எங்கள் மலையின் சங்கடம் இதுதான். குளிர் நாடாவுக்கு நல்லது, ரசாயன மாற்றங்கள் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். சமவெளியில் தகரக் கூரைக்குக் கீழே வேகிற கேசட்டைவிட இங்கே நாடா நன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஈரம் விடுவதில்லை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடியில் நனைந்தால், குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் நனைகின்றன. மழை நாளில் பையைக் கட்டினால், உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியே இல்லை. பாட்டி அக்கறையோடு கட்டிய பைதான் பூசணத்துக்கு வீடாகிவிட்டது.

பூசணம் பிடித்த கேசட்டை டெக்கில் போடவே போடாதீர்கள். ஒட்டிப்போன சுற்றுகளை மோட்டார் இழுக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். வித்துகள் உருளையெங்கும் அப்பும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். நான் செய்தது இது. மூக்கை மறைக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டை ஒரு மாதம் வைத்தேன். ஜெல் ஈரமானதும் மாற்றினேன். பூசணம் காய்ந்து தூளானது. தை மாதத்தில் நல்ல வெயிலும் வறண்ட காற்றுமாக இருந்த நாட்களில், கோயம்புத்தூரில் பழைய டெக் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கேசட்டின் அடியிலிருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருளைப் புது ஓட்டுக்கு மாற்றி, இதற்கென்றே ஒதுக்கி வைத்த ஒரு டெக்கில் பஞ்சு உதிராத துணி பட நாடாவை மெதுவாக ஓடவிட்டு அவர் துடைத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேர வேலை. அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

இன்னொன்று, ஊட்டிக் குளிரில் கிடந்த கேசட்டை ஹீட்டர் எரியும் அறைக்குக் கொண்டுவந்தவுடன் ஓட்டக் கூடாது. மூக்குக் கண்ணாடியில் பனி படிவது போல நாடாவிலும் உருளையிலும் நீர் கோக்கும். ஈர நாடா உருளையோடு ஒட்டிக்கொண்டு நசுங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள்.

சரி, டெக் ஓடுகிறது, குறிப்பலை வருகிறது. அதை எண்களாக்க வேண்டும். நம் முறையில் நொடிக்கு 25 படம், ஒரு படத்துக்கு 625 கோடு (இது திரையில் படத்தை வரையும் கிடைக்கோடு, நாடாவின் சாய்கோடு அல்ல). ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ வினாடி. டிஜிட்டல் கருவி ஒவ்வொரு கோட்டின் படப்பகுதியையும் 720 இடங்களில் அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. எதையும் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரம் சுமார் 75 ஜி.பி. தரம் குறையாத சுருக்க முறையில் ஏறக்குறைய பாதியாகும். டிஜிட்டல் வீடியோ கேமராக்களின் டி.வி. (DV) முறையில் 13 ஜி.பி.

அளப்பது கஷ்டமே இல்லை. கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நாடா ரப்பர் போலக் கொஞ்சம் நீளும், சுருங்கும். பழைய டெக்கின் பெல்ட்டும் உருளையும் சீராகச் சுற்றாது. அதனால் ஒரு கோடு சற்று முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பழைய குழாய் டி.வி. அந்த ஆட்டத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டு படத்தைக் காட்டிவிடும். டிஜிட்டல் கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. குழம்பினால் அந்தப் படத்தையே விட்டுவிடும். இதைச் சரிசெய்ய டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி உண்டு. முன்னும் பின்னுமாக ஓடிவரும் பிள்ளைகளை பிரேயருக்கு வரிசையில் நிறுத்தும் டீச்சர் போல, வரும் கோடுகளை நினைவகத்தில் பிடித்து நிறுத்தி, சம இடைவெளியில் ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும். உயர்தர எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் இது உள்ளேயே இருக்கிறது.

இது இல்லாமல் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். அக்காவின் சடங்கு கேசட்டை முன்பு ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக்கி வாங்கியிருந்தோம். தொடக்கத்தில் எல்லாம் சரி. அரை மணி நேரம் போனதும் உதடு முதலில் அசைகிறது, குரல் பின்னால் வருகிறது. வழியில் படங்கள் விடுபட்டுப் போனதால் படம் முந்திக்கொண்டது. மாமா சீர்த்தட்டு எடுத்து வரும் காட்சியில் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. நொடிக்கு 50 பாதிப்படங்களாக (ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் மறு பாதி) பதிந்ததில் ஒரு பாதியைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். நல்லவேளையாக கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்தோம். டிஜிட்டல் ஆனாலும் கேசட்டை வீசாதீர்கள். மூலக்கோப்பை நாடாவில் இருந்தபடியே, பாதிப்படங்கள் கலையாமல் வையுங்கள். போனில் பார்க்க நொடிக்கு 50 படமாக மாற்றிய பிரதி ஒன்று தனியாக எடுத்துக்கொள்ளலாம். படத்தின் அடியில் சில கோடுகள் கிழிந்தாற்போல ஆடும், அது ஒரு ஹெட் விட்டு அடுத்த ஹெட் பிடிக்கும் இடம், குறை அல்ல. டெக்கில் மஞ்சள் பின்னோடு எஸ்-வீடியோ துளையும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வி.எச்.எஸ். நிறத்தையும் வெளிச்சத்தையும் நாடாவில் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. மஞ்சள் பின்னில் அவற்றை ஒன்றாகக் கலந்து மறுபடி பிரிக்க வேண்டியிருக்கிறது.

டெக் கிடைப்பதுதான் நாளுக்கு நாள் சிரமமாகிறது. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கெட்ட நாடாவை இன்னும் பத்து வருடம் கழித்தும் துடைக்க முடியலாம். தேய்ந்த ஹெட்டுக்குப் புதிது யாரும் செய்து தரப்போவதில்லை. அந்த 52 கிலோமீட்டர் கோட்டைப் படிக்க வேறு வழியும் நம் கையில் இல்லை.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து வீடியோகாரர் கேமராவில் எடுத்ததை அப்படியே கொடுப்பதில்லை. வெட்டி ஒட்டி, ஹார்ட்டின் வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகத்தை வைத்து, மேலே சினிமாப் பாட்டைப் போட்டு வேறொரு கேசட்டில் ஏற்றித் தருவார். நம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும், நிறம் கசியும். அதைவிடப் பெரிய இழப்பு, பாட்டுக்கு அடியில் மனிதர்களின் பேச்சு போய்விடுவது. சாதாரண டெக்குகளில் ஒலி நாடாவின் ஓரத்தில் நேர்கோடாகப் பதிகிறது. அதன் மேல் பாட்டை ஏற்றினால் முதலில் இருந்த ஒலி அழிந்துவிடும். எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எடுத்தவரிடம் மூலக் கேசட் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டபோது எங்களுக்கு எடுத்தவர் ஊரைவிட்டே போயிருந்தார்.

கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். ஒன்று குன்னூரில், இன்னொன்று கோயம்புத்தூரில் சித்தி வீட்டில். சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்று பெயர், உறவு, ஊர் எல்லாம் கேட்டு எழுதினேன். அவருக்கே சில முகங்கள் மறந்துபோயிருந்தன. நான்கு பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரமும் பாட்டு. மாலை மாற்றும்போது பாட்டு, பந்தியில் பாட்டு, பெண் அழைப்பில் பாட்டு. ஒரே ஒரு இடத்தில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், பன்னிரண்டு நொடி கேமராவின் சொந்த ஒலி தப்பியிருக்கிறது. சமையல்கட்டு. அண்டா சத்தம். யாரோ கரண்டியைக் கீழே போடுகிறார்கள். பாட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறார்.

"தம்பி, சாப்பிட்டியாப்பா? மொதல்ல சாப்பிடு, அப்புறம் எடு."