அட்டர்னி ஜெனரல், ‘அரசு தலைமை வழக்கறிஞர்’ அல்ல

2024ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் துளசேந்திரபுரம் தொலைக்காட்சியில் வராத நாள் குறைவு. அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. ஒருநாள் அத்தை வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கலிபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றிய கமலா ஹாரிஸ்’ என்று வாசித்தார்கள். அத்தை திரும்பி என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, கவர்ன்மென்ட் வக்கீல்னா யாராவது சிபாரிசு பண்ணணுமே, இந்தம்மாவை யாரு போட்டாங்க?”

“யாரும் போடலை அத்தை, ஜனங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சாங்க” என்றேன்.

“வக்கீலுக்கு எதுக்கு ஓட்டு?”

கேள்வியில் தப்பே இல்லை. சொல்தான் அவரைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டது. ‘அரசு தலைமை வழக்கறிஞர்’, ‘மாநிலத் தலைமை வழக்கறிஞர்’, சில சமயம் வெறும் ‘அரசு வழக்கறிஞர்’ என்று அமெரிக்காவின் ‘அட்டர்னி ஜெனரல்’ பதவியைச் சொல்வதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் வேர். ‘அட்டர்னி’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒருவருக்குப் பதிலாகச் செயல்பட நியமிக்கப்பட்டவர் என்பது அதன் மூலப்பொருள். வக்கீல் என்ற பொருள் பின்னால் ஏறியது. ‘ஜெனரல்’ என்பதற்கும் ராணுவ ஜெனரலுக்கும் இங்கே தொடர்பில்லை. அது பெயருக்குப் பின்னால் நிற்கும் பெயரடை, பிரெஞ்சு வழக்கப்படி. ‘பொதுவான’ என்று பொருள். அதனால்தான் ஆங்கிலத்தில் பன்மை சொல்லும்போது ‘அட்டர்னீஸ் ஜெனரல்’ என்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டாம். நம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். பெரியப்பா வெளிநாட்டில் இருந்தபோது ஊர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள அப்பாவுக்குப் ‘பவர்’, அதாவது ‘பவர் ஆஃப் அட்டர்னி’ எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரம் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. ‘தாங்கள் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று அதில் ஒரு வரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் அந்தப் பத்திரப்படி அவர் அட்டர்னி. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் சிறப்பு அதிகாரம், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பொது அதிகாரம். இந்தப் ‘பொது’தான் அட்டர்னி ஜெனரலில் வரும் ‘ஜெனரல்’. இங்கிலாந்து மன்னருக்காக ஒரு குறிப்பிட்ட வழக்கை மட்டும் பார்க்காமல் எல்லா விவகாரங்களிலும் அவர் இடத்தில் நிற்பவர் என்பதுதான் அந்தப் பதவியின் பிறப்பு. ‘தலைமை’ என்ற பொருள் இதில் எங்கேயும் இல்லை. வக்கீல்கள் பத்துப் பேரில் மூத்தவர் என்ற பொருளும் இல்லை.

சரி, வேர் அப்படியிருந்தாலும் இன்று வழக்காடுபவர்தானே, ‘தலைமை வழக்கறிஞர்’ என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். நண்பர்களிடம் வாதாடும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.

கெடுகிறது. தமிழ்நாட்டில் அரசு தலைமை வழக்கறிஞர் என்று நாம் சொல்வது அட்வகேட் ஜெனரலை. அரசியல் சட்டத்தின் 165ஆம் பிரிவுப்படி மாநில அரசுக்கு சட்ட ஆலோசனை சொல்லவும் அதன் சார்பில் வாதாடவும் நியமிக்கப்படுபவர். ஆட்சி மாறினால் ராஜினாமா செய்துவிடுவது வழக்கம். அரசு அவரிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர், அவர் அரசின் வக்கீல். அமெரிக்க மாநிலங்களில் நிலைமை வேறு. 50 மாநிலங்களில் 43இல் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கிறார். மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம், டென்னசியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம். ஆளுநர் ஒரு கட்சி, அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சி என்பது அங்கே சாதாரணம். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஆளுநரால் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கமலா ஹாரிஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2003இல் சான்பிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அந்தப் பகுதியின் குற்ற வழக்குகளை நடத்தும் பதவி) தேர்தலில், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்தார். 2010இல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் அவருக்கு எதிரே நின்றவர் லாஸ் ஏஞ்சல்ஸ் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஸ்டீவ் கூலி. வாக்குப்பதிவு நாளன்று இரவே கூலி தன் வெற்றியை அறிவித்துவிட்டார். தபால் வாக்குகள் எண்ண எண்ண நிலைமை மாறியது. மூன்று வாரம் இழுத்து, 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் சுமார் 74,000 வித்தியாசத்தில் ஹாரிஸ் ஜெயித்தார். இதை நம் செய்திகளில் எப்படி எழுதுகிறார்கள்? ‘மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த அவர், பின்னர் அரசு தலைமை வழக்கறிஞர் ஆனார்.’ தாசில்தார் டெபுடி கலெக்டர் ஆன மாதிரி ஒரு பதவி உயர்வு! இரண்டு கடுமையான தேர்தல்கள் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டன. அத்தை சிபாரிசைப் பற்றிக் கேட்டது இதனால்தான்.

அப்புறம் பதவியில் இருந்து அவர் செய்ததைப் பாருங்கள். வீட்டுக் கடன் முறைகேடுகளுக்காக ஐந்து பெரிய வங்கிகளோடு மாநிலங்கள் சேர்ந்து பேச்சு நடத்தியபோது, தொகை போதாது என்று 2011 செப்டம்பரில் கலிபோர்னியா வெளியேறியது. வெளியேற முடிவெடுத்தவர் அவர். 2012 பிப்ரவரியில் திரும்பி வந்து கையெழுத்திட்டபோது கலிபோர்னியாவின் பங்கு ஏறத்தாழ 18 பில்லியன் டாலர். எந்த வக்கீல் கட்சிக்காரரைக் கேட்காமல் சமரசப் பேச்சிலிருந்து எழுந்து போவார்? இங்கே கட்சிக்காரரின் இடத்திலும் அவரேதான் இருந்தார். பெரியப்பாவின் பத்திரத்தில் இருந்த வரி இதுதானே!

இன்னொன்று, என் பார்வையில் இதைவிட வலுவான சாட்சி. ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் ‘பிரபோசிஷன் 8’ஐ 2008இல் கலிபோர்னிய வாக்காளர்களே நிறைவேற்றியிருந்தார்கள். அது நீதிமன்றத்துக்குப் போனபோது அதை ஆதரித்து வாதாட முடியாது என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜெர்ரி பிரவுன் மறுத்தார். அவருக்குப் பின் வந்த ஹாரிஸும் மறுத்தார். 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தடை விலகியதும், வழக்குத் தொடுத்த இருவருக்கு சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் ஹாரிஸே திருமணம் செய்துவைத்தார். மாநிலத்தின் சட்டத்துக்கு ஆதரவாகப் பேச மறுப்பவரை ‘அரசு தலைமை வழக்கறிஞர்’ என்று எழுதினால், படிக்கிறவர் அவரைக் கடமை தவறியவர் என்றுதான் நினைப்பார்.

அந்தப் பதவி அரசியல் ஏணியின் ஒரு படி. ‘ஏ.ஜி.’ என்றால் ‘ஆஸ்பைரிங் கவர்னர்’, அதாவது ஆளுநர் கனவில் இருப்பவர் என்று அமெரிக்கர்கள் விரித்துச் சொல்வார்கள். பில் கிளின்டன் 1977இல் ஆர்கன்சாவின் அட்டர்னி ஜெனரல், 1979இல் ஆளுநர். ஏர்ல் வாரன் கலிபோர்னியாவில் அதே வழியில் ஆளுநராகி 1953இல் நாட்டின் தலைமை நீதிபதியும் ஆனார். ஹாரிஸ் 2014இல் மறுபடி ஜெயித்து, 2016இல் செனட்டுக்குத் தேர்வாகி, 2021இல் துணை அதிபர் ஆனார்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் வெகுகாலமாகச் சொல்லிவரும் ‘சட்டமா அதிபர்’ இருக்கிறது. ‘ஜெனரல்’ என்று முடியும் பதவிகளை அவர்கள் யோசித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்: பொலிஸ் மா அதிபர், கணக்காய்வாளர் நாயகம், மன்றாடியார் நாயகம். சொலிசிட்டர் ஜெனரலுக்கு ‘மன்றாடியார் நாயகம்’ என்று வைத்தவரை எனக்குக் கும்பிடத் தோன்றும். ‘சட்டமா அதிபர்’ வேர்ச்சொல்லை அப்படியே பெயர்க்கவில்லை, உண்மை. தேர்தலைப் பற்றியும் அது சொல்லவில்லை. இலங்கையில் அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆனால் கேட்டவுடன் கறுப்பு கோட்டு நினைவுக்கு வராமல் ஒரு பதவி நினைவுக்கு வருகிறதே, எனக்கு அதுதான் முக்கியம்.

‘அதிபர்’ என்றால் தமிழ்நாட்டில் ஜனாதிபதி என்று குழம்பிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர் என்றும் சேர்த்துச் சொன்னார். ‘தொழிலதிபர்’ என்று தினமும் எழுதுகிறோமே, யாராவது ஜனாதிபதி என்று குழம்பினார்களா? முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிரச்சினை ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து வைக்கும் பழக்கம் பரவிவிட்டது. ‘செகரட்டரி ஆஃப் ஸ்டேட்’ அமெரிக்க வெளியுறவு அமைச்சர். அவரை ‘மாநிலச் செயலாளர்’ என்று எழுதியதை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். ‘ஆளுநர்’ என்பதும் இதே வம்புதான்: அமெரிக்க கவர்னர் நம் முதலமைச்சரைப் போல வாக்கு வாங்கி வருகிறவர், நம் மாநில ஆளுநர் மாதிரி அல்ல. நானும் மேலே ஆளுநர் என்றே எழுதியிருக்கிறேன், வேறு சொல் வேரூன்றாததால். மொழிபெயர்ப்பவர் சொல்லைத் தேடும் முன், அந்த ஆளை அங்கே யார் உட்கார வைத்தார்கள், யார் எழுப்ப முடியும் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை.

ஆகவே நான் எழுதுவது இப்படி: ‘2010இல் கலிபோர்னியாவின் சட்டமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.’ முதல் இடத்தில் அட்டர்னி ஜெனரல் என்பதையும் ஒட்டி எழுதிவிடுகிறேன். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கு மட்டும் இன்னும் மனசுக்கு ஒத்த சொல் அகப்படவில்லை. ‘மாவட்ட வழக்குத் தலைவர்’ என்று எழுதிப் பார்த்தேன், பஞ்சாயத்துப் பதவி போல ஒலிக்கிறது. கிடைக்கும்வரை அதை அப்படியே வைத்திருக்கிறேன்.