கிரியாட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

"கிரியாட்டினின் 1.2 தான் டாக்டர், நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றபடி ஃபைலை நீட்டுபவர்கள் என் ஓ.பி.யில் நிறைய. அந்த 1.2 யாருடையது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 25 வயது இளைஞருடையது என்றால், கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றை வைத்து வடிகட்டும் அளவைக் கணக்கிட இப்போது நாங்கள் கையாளும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 86 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. அதே 1.2 எழுபது வயது அம்மா ஒருவருக்கு வந்தால் கணக்கு 49-க்கு இறங்கிவிடும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. உடம்பில் சதையே இல்லாத முதியவருக்கு அந்த எண் எளிதில் ஏறாது. உள்ளே வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்திருந்தாலும் ரிப்போர்ட் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். இந்த வடிகட்டும் அளவு 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய்தான்.

சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலும் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். வலி இருக்காது, கால் வீங்காது. நுரை வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற நுரை வருவதற்குள் கசிவு மிக அதிகமாகியிருக்கும். சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமின் என்பதுதான் எல்லை. அதைத் தாண்டியதா என்று பார்க்க ஒரே ஒரு முறை பிடித்த சிறுநீர் போதும், 24 மணி நேரம் கேனில் சேர்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரின் தடித்த ஃபைலைப் புரட்டினால் மாதாமாதம் சுகர் ரிப்போர்ட் இருக்கிறது, இந்த ஒரு காகிதம் மட்டும் இருப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்பதைச் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி எப்போதோ செய்து காட்டிவிட்டார். சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளி விடுவார்கள்; தெளிவாக இருந்த சிறுநீர் பால் கலந்ததுபோல் கலங்கினால் புரதம் போகிறது என்று பொருள். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் பெனடிக்ட் கரைசல். சிக்கியவர்களுக்கு மிக மலிவான மாத்திரைகள். ஆளுக்கு ஆண்டுச் செலவு அரை டாலருக்கும் குறைவு. சில ஆண்டுகள் கழித்து, திட்டம் போகாத பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டபோது, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களின் விகிதம் இங்கே குறைவாக இருந்தது. ஆராய்ச்சி என்றாலே வெளிநாடு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அன்று அவர் கையில் இல்லாத மருந்துகள் இன்று நமக்கு இருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரையான லோசார்டான், சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்பை மெதுவாக்கும் என்பது 2001-இல் உறுதியானது. 2020-இல் வெளிவந்த, நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர். மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே இல்லை. முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையை 10 மில்லிகிராம் எடுத்தவர்களிடம், செயல்பாடு பாதியாகச் சரிவது, டயாலிசிஸ் வரை போவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது என எல்லாம் சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட எல்லோருக்கும் சிறுநீரில் அல்புமின் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சோதனையைச் செய்யாதவருக்கு இந்த மருந்து தேவை என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதே 2020-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்க, விலையும் இறங்கிவிட்டது.

ஆனால் மாத்திரை வாங்கிப் போனவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "ரத்தத்துல உப்பு, அந்தக் கிரியாட்டினின், 1.3-லேருந்து 1.5 ஆயிடுச்சு சார். அந்தப் புது மாத்திரைதான் காரணம்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க, நிறுத்திட்டோம்" என்றார் ஒரு விவசாயியின் மனைவி. "இல்லம்மா, அது எதிர்பார்த்ததுதான்" என்று உட்கார வைத்து விளக்கினேன். இந்த மருந்துகள் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதனால் தொடக்கத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நாங்கள் பயப்படுவதில்லை, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு தொடர்வோம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டு சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும்.

"சுகர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்று பயந்து அதை விடுபவர்கள், முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கைத் தயங்காமல் விழுங்குகிறார்கள். சிறுநீரகத்துக்கு ஆபத்து இரண்டாவதில்தான். உப்பைக் குறைக்கச் சொன்னால் இந்துப்புக்கு மாறுகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்ப்பதுண்டு, நோய் முற்றியவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குழப்பும்.

வெயிலில் உழைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடமும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் சுருங்குகிறது. வெப்பமும் நீரிழப்பும், குடிநீர், பூச்சிமருந்து எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன; இன்னும் முடிவாகவில்லை. இந்த வகையில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. ஆகவே உப்பளத்திலும் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள் சிறுநீரை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும், குடும்பத்தில் டயாலிசிஸ் செய்தவர் இருந்தால் அவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர் அல்புமின், ரத்தக் கிரியாட்டினின் இரண்டையும் பாருங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. காய்ச்சல், மாதவிடாய், கடும் உடற்பயிற்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை அல்புமின் வந்தால் கலங்க வேண்டாம், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்துத்தான் உறுதி செய்வோம். தமிழ்நாட்டில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் பட்டையை நனைத்துப் புரதம் பார்க்கிறார்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது செவிலியரிடம் கேளுங்கள்.